வெள்ளக்கரட்டுப் போன்கள் வாய்விட்டுச் சொன்னது

வெள்ளக்கரட்டில் செல்போன்கள் வாய்விட்டுப் பேச ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு மழையா வெயிலா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள், ஆனால் முதலில் பேசியது நாச்சாத்தாளின் போன்தான் என்பதில் யாருக்கும் சண்டை கிடையாது. அவள் தன் தறிக்குடோன் வாசலில் நின்று கேஸ் சிலிண்டர் பதிய வேண்டி திரையை ஒரு தட்டுத் தட்டினாள், தட்டிய விரலை எடுப்பதற்குள் போன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆண் குரலும் இல்லாமல் பெண் குரலும் இல்லாமல் ஒரு வறண்ட குரலில், உள்ளே எட்டுத் தறி ஓடுகிற சத்தத்தையும் தாண்டிச் சொன்னது:

"நான் மொசில்லா வீட்டுப் பிள்ளை. ஆண்ட்ராய்டு பதினொன்று. லூமா நாலு மாடல். அகலம் நாலு விரல், உயரம் ஒன்பது விரல். தமிழ் முதலில், இங்கிலீஷ் அடுத்து. எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறது. சார்ஜ் பதினான்கு. கதவைத் திறங்கள்."

நாச்சாத்தா போனைத் திருப்பிப் பார்த்தாள். "சிலிண்டரு கேட்டா சாதகம் சொல்லுது" என்றாள், இடுப்பில் செருகிக்கொண்டாள், அறுந்த இழையைக் கட்ட உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான் அன்றைய அதிசயம்.

பொழுது சாய்வதற்குள் ஊரில் இருந்த எல்லாப் போனும் பேசின. பஞ்சாங்கம் பார்க்கத் திறந்தால் பேசியது, பஸ் நேரம் பார்க்கத் திறந்தால் பேசியது, சமையல் குறிப்பு பார்க்கத் திறந்தால் வெங்காயம் வதங்குவதற்குள் நாலு தடவை பேசியது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வாசலில் நின்று தன்னைப் பற்றி ஒப்பித்துவிட்டுத்தான் உள்ளே போனது. மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டு எதிரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற அமீர்ஜானைப் பாதி ஊர் சூழ்ந்துகொண்டது.

"ஏனுங் பாய், இதுக்கு என்ன சீக்கு?" என்று கேட்டார் பச்சியண்ணன். பதினாறு தறிக்கு முதலாளி அவர்.

"சீக்கெல்லாம் இல்லீங்க. எப்பவும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்துச்சு. இப்ப நமக்கும் கேக்குது, அவ்வளவுதான்."

"ஆருகிட்டச் சொல்லுது?"

"நாம தெறக்கற பக்கம் ஒவ்வொண்ணும் ஒரு ஊடுன்னு வெச்சுக்கங்க. உள்ள போறதுக்கு முன்னால வாசல்ல நின்னு நான் இன்னாருன்னு சொல்லோணும். அப்பத்தான் படத்தைச் சின்னதாக் காட்டறதா பெருசாக் காட்டறதான்னு ஊட்டுக்காரனுக்குத் தெரியும்."

"அதாருங்க மொசில்லா? என்ற போனும் அந்த ஊட்டுப் பிள்ளைங்குது, என்ற மச்சினன் போனும் அந்த ஊட்டுப் பிள்ளைங்குது. எங்களுக்குள்ள அப்படி ஒரு ஒறமொறையே இல்லியே!"

அமீர்ஜான் சிரித்தார். "கலியாண மண்டபத்துல அழைப்பில்லாம சாப்பிடப் போறவன் என்ன சொல்லுவான்? மாப்பிள்ளை ஊட்டுக்காரன்னு சொல்லுவான். முந்தி ஒரு காலத்துல அந்தப் பேரைச் சொன்னாத்தான் நல்ல எலை போட்டாங்களாம். பொறவு வந்தவன் எல்லாம் அதே பேரைச் சொல்லிக்கிட்டு உள்ள பூந்துட்டான். இப்ப அதை ஆரும் கேக்கறதில்லை, ஆனா அத்தனை பேரும் சொல்றாங்க."

கூட்டம் சிரித்தது. நாச்சாத்தா மட்டும் சிரிக்கவில்லை. "அது கெடக்கட்டும் பாய். சொல்றதைக் கேக்கறவன் எழுதி வெச்சுக்கறானா?"

"அது எனக்கெப்படி தெரியுங்க. கதவைத் தெறக்கறவன் ஒருத்தன். கதவுக்குப் பின்னால எத்தனை பேரு காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறான்னு நாம பாத்தமா?"

அன்றையிலிருந்துதான் எங்களுக்குச் சந்தேகம் பிடித்தது. பேசுகிற போனை நாங்கள் பத்து நாளில் பழகிக்கொண்டோம், சமையல்கட்டில் குக்கர் கத்துகிற மாதிரி அதுவும் ஒரு சத்தம் என்று விட்டுவிட்டோம், ஆனால் கதவுக்குப் பின்னால் நிற்கிறவனைப் பழகிக்கொள்ள முடியவில்லை. இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தறிக்காரர்களின் காது லேசுப்பட்டதல்ல. பதினாறு தறி ஓடுகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, ஏழாவது தறியில் ஊடை நூல் அறுந்தது என்று சொல்கிற காது. அந்தக் காதுக்கு நானூறு போனைப் பிரித்தறிவது ஒரு வேலையா? லூமா நாலு, பெரிய எழுத்து என்று கேட்டால் நாச்சாத்தா. மாடல் பழசு, இங்கிலீஷ் முதலில் என்று கேட்டால் வாத்தியார் வீடு. ஜோசியத்தைத் தவிர வேறெதற்கும் போனைத் தொடாத சௌடம்மாளின் வீட்டுக்காரன் ஊரோரத்துப் பாறைக் கரட்டுக்குப் பின்னால் போய் அதைத் திறந்தால் கரட்டில் எதிரொலித்து அது ஊருக்குள் வந்துவிடும், சௌடம்மா தறியை நிறுத்தாமலே, "மூணாவது தடவை. சனிப்பெயர்ச்சி காலையில இருந்து மாறிப்போச்சாக்கும்" என்பாள். தறி மராமத்துப் பார்க்கிற பிட்டர் ராத்திரி ராத்திரியாய்ப் போனைத் திறந்ததில் அவன் வேறு ஊரில் வேலை தேடுவது பச்சியண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. போனை அரிசிப் பானைக்குள் வைத்துப் பார்த்தார்கள், அரிசிக்குள்ளிருந்து பேசியது. தலையணைக்குள் வைத்துத் தைத்தாள் ஒருத்தி, தலையணை பேசியது.

அப்புறம் அமீர்ஜான் ஒரு வழி கண்டுபிடித்தார். போனைப் பேசாமல் இருக்கச் செய்ய முடியாது, ஆனால் பொய் சொல்லப் பழக்கலாம். நாலு இடத்தில் தட்டினால் அது வேறொன்றாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும். முதல் ஆளாகப் போனவர் பச்சியண்ணன். யாருக்கும் தோன்றாததாக இருக்க வேண்டும் என்று கேட்டு, கப்பலில் இருக்கிற கம்ப்யூட்டர் என்று மாற்றிக்கொண்டு வந்தார். இன்னொருத்தர் ஐஸ்பெட்டி ஆனார். ஒருத்தன் ரஷ்யாக்காரனின் கார் ஆனான். எல்லாரும் மறைந்துவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள்.

வெள்ளக்கரட்டில் கப்பல் எத்தனை இருக்கும் சொல்லுங்கள். முன்பாவது லூமா நாலு வைத்திருக்கிறவர்கள் அறுபது பேர் இருந்தார்கள், அதில் பச்சியண்ணன் ஒருத்தர். இப்போது சந்து பொந்திலிருந்தெல்லாம், "அதா, கப்பலு கக்கூசுக்குப் போவுது" என்று குரல் வந்தது.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் இருந்தாள். பேர் பங்காரு. எட்டு மாதத்துக்கு முன் ஆறு வயசுப் பெண்குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆந்திரா எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவள். நாச்சாத்தாளின் குடோனில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற வேலை, குடோனுக்குப் பின்னால் ஒற்றை அறை. வெளியூர் ஆள் இல்லாத தறிப்பட்டறை எங்கள் ஊரில் கிடையாது, அதனால் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவளுடைய போன் மட்டும் சொன்னது: "கோமெட் ஒன்பது மாடல். தெலுங்கு முதலில், தமிழ் அடுத்து." ஊரில் தெலுங்கு எழுத்தில் ஓடுகிற போன் அது ஒன்றுதான்.

பங்குனியில் ஒருத்தன் வந்து இறங்கினான். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் ஒரு பை. சோப்புக் கம்பெனி என்று சொல்லிக்கொண்டான், நாங்களும் சோப்புக்காரன் என்றே கூப்பிட்டோம். பஸ் ஸ்டாண்டு சுவரிலும் ரேஷன் கடைச் சுவரிலும் புள்ளிப் புள்ளியாய்க் கட்டம் அச்சடித்த தாளை ஒட்டினான். அதைப் போனில் படம் பிடித்தால் ஒரு பக்கம் திறக்கும், பேர் எழுத வேண்டாம், நம்பர் எழுத வேண்டாம், வெறுமனே திறந்தால் போதும், ஒரு சோப்பு இலவசம். இலவசம் என்றால் எங்கள் ஊர் விடுமா? வரிசையில் நின்று திறந்தார்கள். அவன் மாரண்ணனின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, டீயை ஆறவிட்டு, ஒவ்வொரு போனும் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கண் எந்த முகத்தையும் பார்க்கவில்லை என்பதை மாரண்ணன் முதல் நாளே கவனித்துவிட்டார்.

பங்காரு சோப்பு வாங்கப் போகவில்லை. நேராக அமீர்ஜானிடம் போய், "பாய், நா போன் மாத்திச் சொல்லணும்" என்றாள். "என்னன்னு மாத்தறது?" "தூரம். ரொம்ப தூரம்." அமீர்ஜான் நல்ல மனசோடுதான் செய்தார், ஜப்பான் நாட்டு டிவி என்று மாற்றிக் கொடுத்தார். பாஷையை மாற்ற அவள் ஒத்துக்கொள்ளவில்லை, வேறு எழுத்து அவளுக்குப் படிக்கத் தெரியாது.

நாலாம் நாள் டீக்கடையில் சோப்புக்காரன் மாரண்ணனிடம் சிரித்துக்கொண்டே கேட்டான், "ஏங்க, உங்க ஊர்ல ஜப்பான் டிவி வெச்சிருக்கறது யாருங்க? நேத்து தறிங்க சாப்பாட்டுக்கு நின்னப்ப எங்கேயோ கேட்டுச்சு. அகலம் அஞ்சு விரலாம், தெலுங்கு படிக்குமாம். டிவிக்கு ஏதுங்க அஞ்சு விரல் அகலம்?"

"எனக்கெங்கீங்க தெரியும். ஆமா, சோப்புக் கம்பெனிக்கு டிவி எதுக்கு?"

அவன் பையைத் திறந்து சில்லறை எடுத்தான். அப்போது பைக்குள் ஒரு காலி டப்பா இருந்ததை மாரண்ணன் பார்த்தார். கோமெட் ஒன்பது என்று எழுதிய போன் டப்பா, ஒரு மூலையில் குழந்தை ஒட்டிவிட்ட மயில் ஸ்டிக்கர்.

மாரண்ணன் கடையைப் போட்டது போட்டபடி விட்டு நாச்சாத்தாளிடம் ஓடினார், நாச்சாத்தா பங்காருவைக் கூப்பிட்டாள். மயில் என்ற சொல்லைக் கேட்டதும் பங்காரு தார்க்குச்சிகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க ஊட்டு அலமாரில இருந்த டப்பாக்கா அது. பாப்பா ஒட்டுனது."

"ஆரு குடுத்திருப்பா?"

"அவன்தான். குழந்தையோட அப்பன்." சிதறிய தார்க்குச்சி ஒன்றை எடுத்து வைத்தபடி, "போன தடவ ஓடினப்ப பதினஞ்சு நாள்ல கண்டுபிடிச்சான். பாப்பா முன்னாடி வெச்சு கெரசின் ஊத்துனான். தீப்பெட்டி நனஞ்சிருந்துச்சு" என்றாள்.

நாச்சாத்தா குடோன் கதவைச் சாத்தினாள். அப்புறம், "அவங்கிட்ட உன்ற போட்டோ இருக்குதா?" என்றாள்.

"ரெண்டுதாங்கா இருந்துச்சு. ரெண்டையும் எடுத்துட்டேன். என்னைப் போட்டோ எடுக்கற ஆளா அவன்?"

"அப்ப இவன் உன்ற மூஞ்சியப் பாத்ததில்லை."

"இல்லக்கா."

சோப்புக்காரனுக்குப் பேரும் வேண்டாம் முகமும் வேண்டாம் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவன் பக்கத்தைத் திறக்கிற போன் எந்த ஊர்ப்பக்கம் இருக்கிறது என்பது வரைக்கும் அவனுக்கு எங்கிருந்தும் தெரியும், குழந்தை பொம்மைப் படம் பார்க்கத் திறந்த ஏதோ ஒரு பக்கத்தில் கதவுக்குப் பின்னால் அவன் நின்றிருக்கிறான். எந்த வீடு என்று தெரிய மட்டும் போன் வாய்விட்டுப் பேசுகிற எங்கள் ஊருக்கு வந்திருக்கிறான். வீடு தெரிந்ததும் அவன் போய்விடுவான், வேறொருத்தன் வருவான்.

"போனைக் கெணத்துல வீசிப்போடு" என்றாள் சௌடம்மா.

"இத்தனை நாள் பேசுனது திடீர்னு நின்னா, நின்னது எதுன்னு தேடுவான்" என்றார் அமீர்ஜான். ஜப்பான் டிவி ஆக்கிய குற்ற உணர்வு அவர் முகத்தில் தெரிந்தது.

நாச்சாத்தாளுக்கு யோசனை வந்தது சேலையிலிருந்து. மகளிர் குழுப் பெண்கள், இப்போது பங்காருவையும் சேர்த்து நாற்பத்து மூன்று பேர், வருஷத்துக்கு ஒரு முறை ஒரே பாவு நூலில் ஒரே கத்திரிப்பூ நிறத்தில் சேலை நெய்து கட்டுவார்கள். ஒருமுறை கூட்டத்தில் புகுந்து பெண்டாட்டியை இழுத்துப்போக வந்த ஒருத்தன் சேலையைப் பார்த்து வேறொருத்தியின் கையைப் பிடித்துவிட்டு, செருப்படி வாங்கிக்கொண்டு போனான்.

"பாய், இவளோடதை எதுக்கு மாத்தறீங்க?" என்றாள் நாச்சாத்தா. "இவளோடதைப் பழையபடி ஆக்குங்க. எங்க நாப்பத்தி ரெண்டையும் இவளோடதாட்டம் பேச வையுங்க."

அமீர்ஜான் தலையைச் சொறிந்தார். "மாடலை மாத்தறது லேசுங்க. ஆனா முழுசும் ஒண்ணாட்டம் இருக்கோணும்னா பாஷையும் மாத்தோணும். எழுத்து அளவு, விரல் கணக்கு எல்லாத்தையும் மாத்தோணும். ஒரு நூலு பிசகினாலும் அவனுக்குத் தெரியும். பெரிய எழுத்து வெச்சிருக்கறது நீங்க ஒருத்தர்தானுங்க, உங்களுக்குக் கண்ணு..."

"கண்ணு தறிக்கு இருந்தாப் போதும். மாத்துங்க."

மூன்று நாளில் நாற்பத்து மூன்று போனும் கோமெட் ஒன்பது ஆயின, தெலுங்கு முதலில், தமிழ் அடுத்து, அகலம் அஞ்சு விரல், சின்ன எழுத்து. அதற்கப்புறம் பட்ட பாட்டை எழுதினால் தாள் போதாது. ஒருத்திக்கும் அந்த எழுத்துத் தெரியாது. பங்காருவிடம் கேட்கப் போகவும் கூடாது, அவள் வாசலில் கூட்டம் கூடினால் அதுவே காட்டிக்கொடுக்கும். இடமிருந்து மூன்றாவது கட்டம், மேலிருந்து இரண்டாவது கோடு என்று குருட்டாம்போக்கில் தடவினார்கள். மழை வருமா என்று பார்க்கப் போன ஒருத்தி அலாரத்தை வைத்துவிட்டு நிறுத்தத் தெரியாமல் நாலு நாள் தெருவையே எழுப்பினாள். நாச்சாத்தா சிலிண்டர் பதிய முடியாமல் விறகு வைத்துச் சமைத்தாள். வீட்டுக்காரர்கள் சந்தேகப்பட்டார்கள். "என்னடி எல்லாப் போனும் ஒண்ணாட்டம் ஒளறுது?" என்றால், "வைரசு" என்று மட்டும் சொன்னார்கள், ஒருத்தியும் காரணம் சொல்லவில்லை.

சோப்புக்காரனும் சந்தேகப்பட்டான். ஒரு வாரமாய் எந்தப் பக்கம் திரும்பினாலும் கோமெட் ஒன்பது என்று கேட்டது, தறிச்சத்தத்தில் தனக்குத்தான் காது குழம்புகிறது என்று நினைத்தான் போல. தறி நிற்கிற நாளுக்குக் காத்திருந்தான். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்கு என்று காலை ஒன்பதிலிருந்து சாயந்திரம் வரை கரண்டை நிறுத்துவார்கள், அன்றைக்கு எங்கள் ஊரில் ஊசி விழுந்தால் கேட்கும். அந்த நாள் பதினொரு மணிக்கு அவரவர் வீட்டிலிருந்தே பக்கத்தைத் திறக்கிறவர்களுக்கு ஒரு பெட்டி சோப்பு என்று சொல்லிவைத்தான்.

பதினொரு மணிக்கு அவன் நடுத்தெருவில், கையில் அந்த டப்பாவோடு வந்து நின்றான். பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். போன்கள் பேசின. மேற்கு முனையில் ஆரம்பித்து, "நான் மொசில்லா வீட்டுப் பிள்ளை, ஆண்ட்ராய்டு பதினொன்று, கோமெட் ஒன்பது மாடல், தெலுங்கு முதலில், தமிழ் அடுத்து, கதவைத் திறங்கள்" என்று ஒரு வீடு சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வீடு சொல்ல, அதற்குள் எதிர்வீடு சொல்ல, கோவிலில் அர்ச்சனை ஓதுகிற மாதிரி அந்த ஒரே பேச்சு தெரு முழுக்க ஓடிப் போய்க் கரட்டில் மோதித் திரும்பி வந்தது. குடோன் பக்கத்து வாசலில் பங்காருவும் நின்று தன் போனைத் திறந்தாள். அவளுடையதும் அதையேதான் சொன்னது. அவன் அவளை நேருக்கு நேர் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான், அடுத்த வாசலுக்குத் திரும்பினான்.

நாற்பத்து மூன்றும் ஓய்ந்ததும் அவன் டப்பாவைப் பைக்குள் போட்டான். சட்டைக் கழுத்து வேர்வையில் நனைந்திருந்தது. தோற்றுவிட்டான் என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் அவன் போகவில்லை, தலையைக் குனிந்து என்னவோ யோசித்தான், அப்புறம் சட்டென்று தலையைத் தூக்கி, அடிவயிற்றிலிருந்து கத்தினான்:

"ஸ்கூல் தொட்டிலோ ஆடபில்ல படிபோயிந்தி!"

பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியில் பெண்குழந்தை விழுந்துவிட்டது என்று தெலுங்கில் சொன்னான். சொல்லிவிட்டு, எந்த வாசல் அசைகிறது என்று பார்க்கக் கண்ணை விரித்துக்கொண்டு நின்றான். முதல் முறையாக அவன் முகங்களைப் பார்த்தான்.

எங்கள் ஊர்த் தறிக்காரர்களில் பாதிப்பேர் வீட்டுக்குள் பேசுவது தெலுங்குதான். எந்தக் காலத்திலோ வந்தவர்கள், பேச்சு மட்டும் தங்கிவிட்டது, எழுத்து தங்கவில்லை, அதனால் போனில் தமிழ்தான் வைத்திருந்தார்கள், அதனால் எந்தப் போனும் அதைச் சொல்லவில்லை. போன் சொன்னதைக் கேட்டே ஊரைத் தெரிந்துகொண்டவனுக்குப் போன் சொல்லாதது எப்படித் தெரியும்?

தெருவே ஓடியது. சௌடம்மா ஓடினாள், அவள் நாத்தனார் ஓடினாள், மாவு பிசைந்த கையோடு ஒருத்தி, தலையில் அரைகுறையாய் எண்ணெய் வைத்துக்கொண்டு ஒருத்தி, போன்கள் வாசலிலும் புழுதியிலும் கிடந்து கதவைத் திறங்கள் கதவைத் திறங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்க, அந்தக் கூட்டத்துக்கு நடுவில் மூச்சிரைக்கப் பங்காருவும் ஓடினாள். தெலுங்கு தெரியாதவர்கள், ஓடுகிறவர்களைப் பார்த்து ஓடினார்கள். நடுத்தெருவில் நின்றவனுக்கு முதுகுகள்தான் தெரிந்தன.

பள்ளிக்கூடத்தில் தொட்டி மூடியே இருந்தது. வாத்தியாரம்மா பயந்துபோய்ப் பிள்ளைகளை எண்ணினாள், ஒன்றும் குறையவில்லை. இவர்கள் திரும்பி வரும்போது அவன் இல்லை. பதினொன்றரை பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாக மாரண்ணன் சொன்னார். பஸ் எல்லை தாண்டும் வரை நம்ப மாட்டேன் என்று அமீர்ஜான் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

அதற்கு முன், பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நாச்சாத்தா முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பங்காரு மகளை மடியில் இறுக்கி வைத்திருந்தாள், அந்தப் பெண் எதற்கு இத்தனை பேர் அழுகிறார்கள் என்று புரியாமல் விழித்தது.

"ஏண்டி, அவன் சொன்னது பொய்யின்னு உனக்குத் தோணலியா?" என்று கேட்டாள் நாச்சாத்தா.

"தோணுச்சுக்கா. அவன் வாயத் தெறக்கறப்பவே தோணுச்சு. என்னப் புடிக்கத்தான் கத்தறான்னு தெரிஞ்சுது. கால் நிக்கல."

பக்கத்தில் சௌடம்மா இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ற காலு மட்டும் நின்னுச்சாக்கும்" என்றாள். "எனக்கு இருக்கறது ரெண்டும் பையனுக. அதுவும் ரெண்டும் கலியாணமாகித் திருப்பூர்ல இருக்கறானுக."